வாசற்படிவரை சுத்தம்

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டிக்குள் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு கூடவே வரும். அங்கே நெய்வது வேட்டியோ சேலையோ அல்ல. புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி, அறுவை அரங்குக்குப் போகும் காஸ் துணி. நாட்டின் மருத்துவமனைகளுக்குப் போகும் கட்டுத்துணியில் கணிசமான பங்கு இந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் நெய்யப்படுகிறது. தறியிலிருந்து இறங்கும்போது துணி பழுப்பாக இருக்கும். பஞ்சின் இயற்கையான மெழுகு இருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து மெழுகை எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, அலசிக் காயவைத்த பிறகுதான் அது இரத்தத்தை உறிஞ்சும் துணியாகிறது. அதோடு வேலை முடியவில்லை. 121 டிகிரி நீராவியில் அழுத்தம் கொடுத்தோ எத்திலீன் ஆக்சைடு வாயுவைச் செலுத்தியோ கிருமியை நீக்க வேண்டும். வெளுப்பது ஒரு வேலை, கிருமி நீக்குவது வேறொரு வேலை. வெள்ளையாக இருந்தால் போதாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அதிக தூரமில்லை. அங்கே ஆட்சி செய்வது வேறொரு சுத்தம். சாமிக்குத் தொடுக்கும் பூவை முகர்ந்தாலே அது ஆகாது என்பது பொது விதி. பெரியாழ்வாரின் மகள் ஆண்டாள் அந்த விதியை மீறினாள். பெருமாளுக்கென்று கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்துவிட்டுக் கூடையில் வைத்தாள். மாலையில் ஒரு தலைமுடியைக் கண்டு பதறிய ஆழ்வார் புது மாலை கட்டிக்கொண்டு போக, பெருமாள் பழையதையே கேட்டார் என்பது குருபரம்பரைக் கதை. இன்றும் புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்கு ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிக்குப் போகிறது. ஊர் கொண்டாடுவது ஒரு விதிவிலக்கை. விதி அப்படியேதான் இருக்கிறது: எச்சில் படக்கூடாது, தீட்டு ஒட்டக்கூடாது.

இந்த இரண்டு ஊர்களிலும் எந்த வீட்டுக்குள் போனாலும் இரண்டு கணக்குகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று கிருமிக் கணக்கு. பள்ளிக்கூடமும் டாக்டரும் டிவி விளம்பரமும் கொண்டுவந்தது. மற்றது எச்சில், தீட்டு, மடி என்று பாட்டியிடமிருந்து வந்தது. சில இடங்களில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். சில இடங்களில் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். நம் வீடுகளுக்குள் நோய் நுழைவது பெரும்பாலும் அந்த மறைப்பில்தான் என்பது என் கணிப்பு.

பழைய விதிகளில் நிலைத்தவை

பழைய விதிகளைக் கேலி செய்வது எளிது. அதைவிட எளிது, 'முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி எல்லாவற்றுக்கும் அறிவியல் முத்திரை குத்துவது. ஒவ்வொரு விதியாக எடுத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

செருப்பை வாசலில் விடுவது, கழுவ இடக்கை உண்ண வலக்கை என்று பிரித்தது, மயானம் போய்வந்தால் குளிப்பது ஆகியவற்றில் வாதமே வேண்டாம், நல்ல பழக்கங்கள். எனக்கு வியப்பாக இருப்பது 'பத்து' என்கிற விதி. ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கிரகார வீடுகளில் சோற்றுப் பானையைத் தொட்ட கையோடு ஊறுகாய் ஜாடியைத் தொட்டுவிட முடியாது. கையைக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். மற்ற வீடுகளில் பெயர் இல்லாமல் அதே விதி பாதியாக இருக்கிறது: ஊறுகாயில் ஈரக் கரண்டியைப் போடாதே. காரணம் தண்ணீர். கிருமி பெருகுவதற்கு ஈரம் வேண்டும். உப்பும் சர்க்கரையும் உணவில் இருக்கும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கிருமிக்குக் கொடுக்காது. ஜாடிக்குள் ஒரு சோற்றுப் பருக்கையும் நாலு துளி ஈரமும் விழுந்தால் அந்த இடத்தில் பூஞ்சை பூக்கும். ஆசாரம் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது நல்ல உணவுப் பாதுகாப்பு.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இதே கணக்கில் நிற்கிறது. பாலும் சர்க்கரையும் அகன்ற சட்டியில் கொதித்துச் சுண்டச் சுண்டக் கிருமி சாகிறது, நீர் வற்றுகிறது, மிஞ்சிய ஈரத்தைச் சர்க்கரை பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் பால், கோவாவான பிறகு சில நாட்கள் தாங்குகிறது. ஆபத்து அடுப்பில் இல்லை. ஆறிய பிறகு தொடும் கையில் இருக்கிறது. நம் மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா உணவில் கக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் எளிதில் அழியாது. கடைக்காரர் சட்டியை எவ்வளவு நேரம் கிண்டினார் என்பதைவிட, எந்தக் கையால் எடுத்துப் பெட்டியில் வைக்கிறார் என்பதைப் பாருங்கள்.

குடத்தின் வாயில் துணி கட்டித் தண்ணீர் பிடிப்பதும் வெறும் தூசிக்காகச் செய்த வேலையல்ல. வங்கதேசக் கிராமங்களில் ரீட்டா கால்வெல் குழுவினர் இதைச் சோதித்தார்கள். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து வடிகட்டியபோது காலரா 48 விழுக்காடு குறைந்தது என்று 2003இல் வெளியிட்டார்கள். காலரா கிருமி தனியாக அந்தத் துணியில் சிக்காது. அது ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகள் சிக்கும். அதிலும் புதுத் துணியைவிடத் துவைத்துத் துவைத்து நூல் விரிந்த பழைய சேலையே மேல். செம்புக் குடத்துக்கும் ஆதாரம் உண்டு. 16 மணி நேரம் செம்பில் வைத்த தண்ணீரில் டைபாய்டு, காலரா கிருமிகள் அழிந்ததைப் பெங்களூரில் நடந்த ஒரு சோதனை காட்டியிருக்கிறது. என்ன, புளி போட்டுத் தேய்க்கப் பொறுமை வேண்டும். காலையில் ஊற்றி மதியம் குடித்தால் அந்தப் பலன் இல்லை.

ஆனால் சாணம்? வாசல் தெளிப்பதோடு நிறுத்தியிருந்தால் பெரிய கெடுதல் இல்லை. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியிலும் அதை வைத்தார்கள். மாட்டுச் சாணத்தில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். வெட்டுப்பட்ட கொடி அதற்குத் திறந்த வாசல். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, புது பிளேடு, சுத்தமான நூல், ஆஸ்பத்திரிப் பிரசவம் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சாவை நிறுத்தின. தாய்–சேய் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. ஆக, ஒரு விதிக்கு எத்தனை வயது என்பது முக்கியமில்லை. கிருமி எந்த வழியில் போகிறது, அந்த வழியை இந்த விதி அடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

குடம், டிரம், கொசு

எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தால் அண்ணாந்துதான் குடிப்பார். பிள்ளைகள் உதட்டில் வைத்தால், "எச்சிப் பண்ணாத, தூக்கிக் குடி" என்று அதட்டல் விழும். வெளியூர்க்காரர்கள் சட்டையை நனைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளும் வித்தை இது. ஆனால் அந்தச் செம்புக்குள் தண்ணீர் எப்படி வந்தது என்று பாருங்கள். குடத்துக்குள் கையை விட்டு மோந்ததில் வந்தது. மோக்கும்போது விரல்கள் முங்கும். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் பேதியும் பெரும்பாலும் மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து தண்ணீருக்கும் உணவுக்கும் போகிற நோய்கள். உதட்டை அவ்வளவு கவனமாகக் காவல் காத்த விதி, விரலைக் கண்டுகொள்ளவே இல்லை.

இதற்குத் தீர்வு விலை அதிகமானது அல்ல. நீளக் கைப்பிடி வைத்த அகப்பை, அல்லது அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம். பல வீடுகளில் அந்த டிரம் இருக்கிறது, விசேஷத்துக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும்.

தண்ணீரைச் சேர்த்துவைப்பது இங்கே ஆசைக்குச் செய்வதல்ல. ராஜபாளையத்தின் பழைய குடிநீர் ஆதாரம் மலையடிவாரத்து ஆற்றைத் தேக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். பிறகு தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரும் வந்து சேர்ந்தது. ஆனாலும் தினமும் தெருக்குழாயைத் திறந்து நம்பியிருக்கக்கூடிய ஊர் அல்ல. தண்ணீர் வரும் நாளில் சிமெண்டுத் தொட்டி, நீல டிரம், வரிசையாகக் குடம், ஆட்டுரல் குழிகூட நிரம்பும். இங்கேதான் நம் சுத்த உணர்வு நம்மையே ஏமாற்றுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. வீட்டில் தேங்கியிருக்கும் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். நகராட்சியிலிருந்து வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்து "புழு இருக்கும்மா" என்றால், "அது குடிக்கிற தண்ணி, சுத்தமா வச்சிருக்கோம்" என்று பதில் வருகிறது. பொய்யில்லை, சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். கொசுவுக்கும் அதுதான் வசதி.

இன்னொரு நுணுக்கம், இந்தக் கொசுவின் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, மறுபடி நனைந்ததும் பொரியும். தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே நிரப்பினால் வேலை நடக்கவில்லை என்று பொருள். தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு சுவரைத் தேய்க்க வேண்டும், வாரம் ஒருமுறை. முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால்தான் அந்த ஒரு வாரக் கணக்கு. 2012இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு வந்து 66 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு கடுமையாக அடிபட்ட ஊர்களில் ஒன்று கடையநல்லூர், ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் தெற்கே போனால் வருகிற ஊர்.

கை

தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்று 2018இல் நாடு முழுக்க ஒரு கேள்வியைக் கேட்டது: எப்போது, எதைக்கொண்டு கை கழுவுகிறீர்கள்? மலம் கழித்த பிறகு சோப்புப் போடுவதாக 74.1 விழுக்காடு வீடுகள் சொன்னன. சாப்பிடும் முன் சோப்புப் போடுவதாகச் சொன்னவை 35.8 விழுக்காடுதான். 60.4 விழுக்காடு வெறும் தண்ணீர். நம் கல்யாண மண்டபங்களை நினைத்துப் பாருங்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் கூட்டம் நெரியும், சோப்பும் அங்கேதான் இருக்கும். பந்திக்கு உட்காருமுன் இலையில் தெளிக்கக் கொடுக்கும் தண்ணீரில் விரல் நுனியை நனைத்துக்கொள்பவர்களே அதிகம். சாப்பிட்ட கை எச்சில் கை, அதைக் கழுவியே ஆக வேண்டும். பஸ் கம்பியையும் ரூபாய் நோட்டையும் தொட்டுவிட்டு வந்த கை எச்சில் ஆகாததால் தப்பித்துக்கொள்கிறது.

1847இல் வியன்னாவின் இக்னாஸ் செம்மெல்வைஸ், பிரேதப் பரிசோதனை முடித்துப் பிரசவ வார்டுக்கு வரும் டாக்டர்களைக் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னபோதும் சிக்கல் இதுதான். டாக்டரின் கை கனவானின் கை, அது எப்படி அசுத்தமாகும் என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. தாய்மார்களின் சாவு சரசரவென்று குறைந்தும் அவரை அன்று ஏற்கவில்லை. லூயி பாஸ்டரும் ராபர்ட் கோக்கும் கிருமியைக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பியது. கல்கத்தாவில் 1884இல் கோக் காலரா கிருமியைப் பிரித்தெடுத்தது அந்த வரிசையில் வந்த நிகழ்ச்சி.

கைகழுவலின் பலனைத் துல்லியமாக அளந்தது நமக்குப் பக்கத்து நாடு. கராச்சியின் குடிசைப் பகுதிகளில் வீடுகளுக்குச் சோப்புக் கொடுத்து, கை கழுவச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி பிள்ளைகளின் பேதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 5 வயதுக்குட்பட்டவர்களின் நிமோனியாவும் பாதியாகக் குறைந்தது. இன்னொன்றும் தெரிந்தது. கிருமிநாசினி கலந்த சோப்பும் சாதாரண சோப்பும் ஒரே பலனைத்தான் தந்தன.

கிருமியைப் பற்றிப் பாடம் நடத்தினால் பழக்கம் மாறிவிடுமா என்றால், அதுவும் இல்லை. சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் 'சூப்பர் அம்மா' என்ற பெயரில் ஒரு முயற்சி நடந்தது. நோய், கிருமி என்று எதையும் பேசாமல், அருவருப்பையும் பிள்ளையை வளர்க்கும் பெருமையையும் தொட்டு நாடகம் போட்டார்கள். முக்கியமான நேரங்களில் சோப்பால் கை கழுவுவோர் தொடக்கத்தில் ஒன்றிரண்டு விழுக்காடுதான். 6 மாதத்தில் அது 37 விழுக்காடானது; நாடகம் போகாத ஊர்களில் 6 விழுக்காடு. அருவருப்பு நம் வீடுகளில் ஏராளமாக இருக்கிறது. எச்சிலுக்குச் செலவாகும் அருவருப்பில் கொஞ்சத்தை, கழுவாத கை குடத்துக்குள் போவதற்கு ஒதுக்கினால் போதும்.

காற்றைத் துடைக்க முடியாது

நம் பழைய கணக்கு முழுக்கத் தொடுதலின் கணக்கு. யார் எதைத் தொட்டார், எது எதன்மேல் பட்டது என்பதே அதன் இலக்கணம். 2020இல் கொரோனா வந்தபோது நாம் அந்த இலக்கணத்தில்தான் அதைப் படித்தோம். வாசலில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் தெளித்தோம். கத்தரிக்காயைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், பால் பாக்கெட்டைக் குளிப்பாட்டினோம். திருப்பூரில் சந்தைக்கு வருபவர்கள்மேல் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் அமைத்தார்கள்; பிறகு சுகாதாரத் துறையே அதெல்லாம் வேண்டாம் என்று நிறுத்தியது. அசுத்தமான பரப்பைத் தொட்டுத் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. கொரோனா போனது மூச்சுக்காற்றில். ஜன்னலைத் திறந்திருக்க வேண்டும். நாம் கொசுவுக்கும் தூசிக்கும் பயந்து அடைத்துவைத்துக்கொண்டு தரையை லைசாலில் துடைத்துக்கொண்டிருந்தோம்.

காசநோயில் இதே தவறை நூறு வருடமாகச் செய்கிறோம். வீட்டில் ஒருவருக்கு டிபி என்று தெரிந்ததும் முதலில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். தட்டு வழியாக டிபி பரவுவதில்லை. இருமும்போது காற்றில்தான் பரவுகிறது. இதற்கு விடை நம் ஊரிலேயே கிடைத்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பாதிப்பேரைச் சானடோரியத்திலும் மீதிப்பேரை நெருக்கடியான அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. இரு தரப்பும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தனர். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு ஆபத்து கூடவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் தெரிவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. மருந்து தொடங்கியதும் அது அடங்கியது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்தச் சென்னை ஆய்வும் ஒரு காரணம். தனி டம்ளர் மட்டும் இன்னும் மூடப்படவில்லை. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குப் போவதும், விடாமல் மருந்து சாப்பிடுவதும், அறையில் காற்றோட்டமும்தான் அந்த நோயில் சுத்தம்.

99.9

பலசரக்குக் கடையில் இப்போது ஒரு வரிசை முழுக்கப் பயத்தை விற்கிறது. 99.9 விழுக்காடு கிருமிகளைக் கொல்லும் என்ற எண்ணை நம்பி வாங்குகிறோம். பத்து லட்சம் பாக்டீரியாவில் 99.9 விழுக்காடு செத்தால் ஆயிரம் மிஞ்சும். ஈரமும் சூடும் தோதாக இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிக்கும். மூன்றரை மணி நேரத்துக்குள் மறுபடி பத்து லட்சம். இப்படித் தோதான இடம் நம் வீட்டில் கழிப்பறை இருக்கை அல்ல, அடுப்படித் துணி. அதே துணியால் மேடையைத் துடைத்து, கையைத் துடைத்து, தட்டைத் துடைத்து, ஈரத்தோடு சுருட்டிக் குழாய்மேல் போடுகிறோம். சமையலறைத் துணியிலும் பஞ்சிலும் கழிப்பறை இருக்கையைவிட மலக் கிருமி அதிகம் என்று அரிசோனா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கெர்பா பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். கறி வெட்டிய அரிவாள்மனையைச் சும்மா தண்ணீர் காட்டிவிட்டு வெங்காயம் அரிவதும் அதே ரகம். அந்தத் துணியைத் தினம் கொதிநீரில் அலசி விருதுநகர் மாவட்டத்து வெயிலில் காயப்போடுவதற்கு ஈடான பாட்டில் எந்தக் கடையிலும் இல்லை.

டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருட்களைக் கைகழுவும் சோப்புகளிலிருந்து அமெரிக்க அரசு 2016இல் தடைசெய்தது. சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேல் என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் 'நல்லா வெளுக்கட்டும்' என்று கலப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கலந்தால் வருவது குளோரின் வாயு, நுரையீரலைக் கருக்கும்.

அளவுக்கு மீறிய சுத்தம் பிள்ளைகளைப் பலவீனமாக்கும் என்ற பேச்சும் இப்போது பரவலாகக் கேட்கிறது. 1989இல் பிரிட்டனின் டேவிட் ஸ்ட்ராச்சன், அண்ணன் அக்கா அதிகமுள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வாமை குறைவு என்று கண்டு, சிறுவயதுத் தொற்று குறைந்ததுதான் ஒவ்வாமை பெருகக் காரணமோ என்று கேட்டார். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் அதைத் திருத்திவிட்டன. மண், மாடு, நாய், கூட்டுக்குடும்பம் தரும் தீங்கற்ற நுண்ணுயிர்ப் பழக்கம்தான் பிள்ளைக்கு வேண்டும். அதற்காகப் பேதியும் டைபாய்டும் வர வேண்டியதில்லை. பிள்ளை மண்ணில் விளையாடட்டும், ராஜபாளையம் நாய்க்குட்டியோடு புரளட்டும், பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிடட்டும். வருடம் இருமுறை பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும் நாட்டில், நம் பிள்ளைகள் அதிசுத்தத்தால் கெடுகிறார்கள் என்று கவலைப்படுவது சற்று முந்திக்கொண்ட கவலை.

தீட்டின் விலை

கிருமியே இல்லாத இடத்தில் கிருமியைவிடப் பெரிய கேட்டைத் தீட்டு செய்திருக்கிறது. மதுரை மாவட்டத்தின் தெற்கோரத்தில் கூவலாபுரம் போன்ற ஊர்களில் மாதவிலக்கான பெண்கள் தங்க 'முட்டுத்துறை' என்று தனி வீடே உண்டு. அவ்வளவு போகாத வீடுகளிலும் ஒதுக்கம் இருக்கிறது. மாதவிலக்கால் யாருக்கும் நோய் ஒட்டுவதில்லை. ஆனால் அதை ஒளிக்க வேண்டும் என்பதால் துணியைக் கட்டிலுக்கடியிலும் பாவாடைக்கு உள்ளேயும் காயப்போட்டார்கள். வெயில் படாமல் ஈரம் தேங்கிய துணியில் கிருமி வளர்ந்தது. சுத்தத்தின் பெயரால் வந்த விதி, அசுத்தத்தை உண்டாக்கியது.

1939ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் ராஜபாளையத்தில் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தின் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது; இந்தியாவில் அப்படியொரு விரிவான சட்டத்துக்கு அதுவே முன்னோடி. அதே ஆண்டு ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள், கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூச்சலும் எழுந்தது. கிருமி நீக்கிய பஞ்சு, சுகாதாரச் சட்டம், ஆலயப் பிரவேசம் மூன்றும் ஒரே ஆண்டின் பிள்ளைகள். முதல் இரண்டையும் நம் ஊர்கள் முணுமுணுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டன. மூன்றாவது கேட்டதை இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை. தென்மாவட்டத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்ததைக் கள ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. அந்தக் குவளையைப் பற்றிக் கேட்டாலும் 'சுத்தத்துக்காகத்தான்' என்றே பதில் வரும்.

வாறுகால்

வீட்டுக்குள் இவ்வளவு விதி வைத்திருக்கும் நாம், வாசற்படி தாண்டியதும் எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிடுகிறோம். வாசல் பெருக்கிக் கோலம் போட்டு, பெருக்கிய குப்பையைத் தெருச் சாக்கடையான வாறுகாலில் தள்ளுகிறோம். அது அடைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் வழிந்தால் நகராட்சியைத் திட்டுகிறோம். நகராட்சியும் சளைத்ததல்ல. பெரிய அதிகாரி வரும் நாளில் வாறுகால் ஓரமாகப் பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு இழுக்கும். அழுக்கு இருக்கும் இடத்தில் குளோரினின் வீரியம் அழுக்கோடு முட்டியே தீர்ந்துபோகும். அள்ளிவிட்டுத் தெளித்தால்தான் பலன். அந்தக் கோடு அதிகாரியின் கண்ணுக்கு, கொசுவுக்கு அல்ல.

பேதியும் டைபாய்டும் குறைவதற்கு ஒரு வீட்டின் சுத்தம் போதாது. சாக்கடைத் தண்ணீர் குடிநீர்க் குழாயின் விரிசலில் கசிந்தால், மடியாக இருக்கும் வீட்டுக்கும் அதுதான் வரும். நிலத்தடி சாக்கடை, நாள்தோறும் அழுத்தம் குறையாமல் வரும் தண்ணீர், ஒழுங்காக அள்ளப்படும் குப்பை ஆகியவை நாம் வார்டு கவுன்சிலரிடம் சத்தம்போட்டுக் கேட்க வேண்டிய சுத்தங்கள். டிரம்மில் தண்ணீர் சேர்க்கும் அவசியம் போனால் டெங்குவின் பாதி வேலையும் போய்விடும்.

கேட்பதோடு கொடுக்க வேண்டியதும் ஒன்று உண்டு. நம் வீட்டுக் கிருமியை அன்றாடம் கையால் தொடுபவர் காலையில் விசில் ஊதிக்கொண்டு வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர். 2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொன்னன. நாப்கினையும் டயப்பரையும் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருந்தது. நாம் சோற்றோடும் உடைந்த கண்ணாடியோடும் இன்சுலின் ஊசியோடும் ஒரே கவரில் கட்டிக் கொடுக்கிறோம், அவர் கையுறை இல்லாமல் அதைப் பிரிக்கிறார். நாளைக் காலை விசில் கேட்பதற்குள் ஊசியையும் பிளேடையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாக எடுத்துவையுங்கள். அவர் தண்ணீர் கேட்டால் வீட்டு டம்ளரிலேயே கொடுங்கள்.